ராவுத்தர் ஸ்டாப்பு

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்குப் பத்து மைல். பஸ் கட்டணம் மூன்றரை அணா. காலை ஏழு இருபதுக்குக் கிளம்பிய கரி பஸ் எட்டரைக்கு ஊரை நெருங்கியபோது கண்டக்டர் என் பக்கம் திரும்பி, "அன்னவாசல் எறங்குறவுக ரெடியாகுங்க, ராவுத்தர் ஸ்டாப்பு" என்றார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்பதற்காகக் காத்திருந்தேன். பஸ் நிற்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைந்து, அந்த வேகத்திலேயே கடைத்தெருவைக் கடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கூடையோடு குதித்து, குதித்த வேகத்தில் வீட்டைப் பார்த்து நடந்தும் விட்டார். "எறங்குங்க சார், ஊரு போயிரும்" என்று கண்டக்டர் முதுகில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். செருப்பில் ஒன்று பஸ்ஸோடு போயிற்று. கண்டக்டர் அதைப் பின்னால் எறிந்தார். மீதிச் சில்லறையையும், பஸ்ஸோடு ஓடிய என் கையில் போட்டார். எல்லாம் அம்மன் காசு, புதுக்கோட்டை சமஸ்தானத்து நாணயம். சமஸ்தானத்து எல்லையைத் தாண்டினால் அது செல்லாது.

பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டது. பஸ்களெல்லாம் கரியில் ஓடுகின்றன. வண்டியின் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் அடுப்பு. அதில் கரி எரிந்து வரும் வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. வண்டி நின்றால் அடுப்பு சோர்ந்துவிடும். மறுபடி காற்றடித்துக் கிளப்ப அரைமணி, முக்கால்மணி ஆகும். அதனால் சின்ன ஊர்களில் பஸ் நிற்பதில்லை. நடந்துகொண்டே ஆளை இறக்குகிறது, நடந்துகொண்டே ஏற்றுகிறது. நிற்காத இந்த நிறுத்தத்துக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ராவுத்தர் ஸ்டாப்பு. திருச்சியில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு இது புதிது. அந்தப் பெயரை நினைத்ததும், ஒற்றைச் செருப்போடு நடுத்தெருவில் நின்றிருந்தவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நான் குளத்தூர்க்காரன். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, கார் வைத்திருந்த முதலாளிகள் சேர்ந்து சமஸ்தானத்துக்குள்ளேயே ஒரு மோட்டார் பந்தயம் நடத்தினார்கள். புதுக்கோட்டையில் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி மறுபடி புதுக்கோட்டைக்கு வர வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பந்தயம். எங்கள் சனங்களுக்குப் பந்தயம் தெரியாது, விருந்தாளியைத் தெரியும். வீட்டு வழியாகப் போகிறவர்களை மாலை போடாமல், ஆரத்தி எடுக்காமல் அனுப்புவது எப்படி? ஒவ்வொரு ஊரிலும் சாலைக்குக் குறுக்கே நின்று கார்களை மறித்தார்கள். முதலில் வந்த துரை மாதிரி உடுத்திய டிரைவர் இறங்கி மாலை வாங்கினார். அவருக்குச் சந்தனம் பூசி, இளநீர் கொடுத்து, தேங்காய் சுற்றி உடைத்து விடுவதற்குள் கால்மணி போயிற்று. அடுத்தவர் கோபப்பட்டு ஹாரன் அடித்தார். கோபம் வந்துவிட்டதே என்று அவருக்கு இரண்டாவது மாலை போட்டார்கள்.

மூன்றாவதாக வந்தது பச்சை நிறத் திறந்த கார். அன்னவாசல் முதலாளி ஒருவருடையது. ஓட்டி வந்தவர் கோட்டைப்பட்டினம் மீராசா ராவுத்தர். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் நிறுத்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. நடைவேகத்துக்குக் குறைத்தார். இடது கையில் ஸ்டியரிங். வலது கையை நீட்டிக்கொண்டு, சிரித்தபடி, "ஓடி வாங்க, ஓடி வாங்க" என்றார். ஊரே பக்கத்தில் ஓடிற்று. ஒவ்வொரு மாலையையும் கையில் கோத்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஆரத்தித் தட்டோடு பெண்கள்கூட ஓடினார்கள். யாருக்கும் மனம் கோணவில்லை, ஒரு நிமிஷமும் வீணாகவில்லை. அன்று பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான். அப்படி ஓடிக்கொண்டே மாலை கொடுப்பதற்கு "ஓட்டமாலை" என்று பெயர் வந்தது அப்போதுதான். அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பையன்கள் கலெக்டர் ஆவோம் என்று சொல்வதை விட்டுவிட்டு டிரைவர் ஆவோம் என்று சொன்னார்கள். நிறையப் பேர் ஆகியும் விட்டார்கள். இன்று இந்தச் சீமையில் பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் காரோடு ஓடியவர்கள்.

அன்று நானும் ஓடினேன். என் கையிலும் மாலை இருந்தது, ராவுத்தர் கையும் நீண்டது, நான் கீழே போட்டுவிட்டேன். பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போயிற்று. அவர் திரும்பிப் பார்த்து, "பரவால்ல தம்பி, அடுத்த தடவ" என்றார். அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. பிறகு அவர் அறந்தாங்கி, மீமிசல் பக்கம் பஸ் ஓட்டினார். நான் திருச்சிக்குப் போய்ப் பேரேடு எழுதினேன். நாலரை மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் அவர் போய்விட்டார். செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மாலைதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கூப்பிட்டது சின்னையா. என்னோடு குளத்தூரில் படித்தவன், ராவுத்தர் பஸ்ஸில் ஆறு வருஷம் கிளீனர், இப்போது டிரைவர். அவன் போட்ட கார்டில் நான்கு வரிதான் இருந்தது. பச்சைக் காரை முதலாளி விற்றுவிட்டார். இந்த வாரக் கடைசியில் டயர் வேறு, இரும்பு வேறாகப் பிரிக்கப்போகிறார்கள். ராவுத்தர் தம் மனைவியிடம், "ஒரு நாளைக்கு அந்த வண்டிய ஒன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துவேன்" என்று சொல்லியிருந்தார். கோட்டைப்பட்டினமோ எல்லைக்கு அந்தப் பக்கம்; முதலாளி காரைச் சமஸ்தானத்து எல்லை தாண்ட விட்டதே இல்லை. ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன், மாலை வாங்க ஆள் வேணும், லீவு போட்டுட்டு வா.

காலை ஒன்பது மணி. முதலாளியின் கொட்டகையில் பச்சைக் கார் நின்றது. பெயின்ட் வெளுத்திருந்தது. பின்னால் பஸ்ஸுக்கு வைப்பதில் பாதி உயரத்தில் ஒரு கரி அடுப்பு பொருத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் கரி மூட்டைமேல் உட்கார்ந்து, அடுப்புக்குக் காற்றடிக்கும் காற்றாடிப் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் மெக்கானிக் அடைக்கலம். அதிகம் பேசாதவர், பேசினால் அடுப்பைப் பற்றித்தான் பேசுவார்.

முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒரு தடவ ரொப்பினா அறுவது மைலு ஓடும். கோட்டைப்பட்டினம் அம்பத்தேழு. எடையில எங்கயும் நிறுத்தப்படாது. நாளைக்கு மத்தியானம் வண்டி இங்கிட்டு இருக்கணும்" என்றார்.

"இருக்குமுங்க" என்றான் சின்னையா.

"பொழுது சாய்றதுக்குள்ள போயிருங்க. கடக்கரையில விளக்குத் தடை. இருட்டினப்பறம் மீமிசலுக்கு அங்கிட்டு ஒரு வண்டியவும் விட மாட்டாக. ஒங்க அடுப்பு வேற செவசெவன்னு தெரியும்." அவர் காரைச் சுற்றி வந்து ஸ்டியரிங்கைத் தொட்டார். "ராவுத்தன் என்னெட்ட மூணு தடவ கேட்டான். எல்லைக்கு அங்கிட்டு வேற லைசென்ஸு, வேற வரின்னு சொல்லிச் சொல்லித் தட்டிவிட்டேன். ஒரு நாளு குடுத்திருக்கலாம். அந்தப் புள்ளைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பெண், ராவுத்தரின் மனைவி கதீஜா பீவி. கணவர் இறந்த பின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருப்பது அவர்கள் வழக்கம். அது முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சின்னையா முன்கூட்டியே ஆள் விட்டுக் கேட்டதற்கு அவர் சொல்லியனுப்பிய பதில்: "வந்தா வரட்டும். வாசல் அங்கனயேதான் இருக்கு."

பத்து இருபதுக்கு மூன்று பேரும் கிளம்பினோம். எஞ்சின் நாலு தடவை இருமி, ஐந்தாவது தடவை பாட ஆரம்பித்தது. அன்னவாசல் கடைத்தெருவில் ஓட்டமாலை தொடங்கிவிட்டது. டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த நான்தான் வாங்க வேண்டும். முதல் மாலை வரும்போது உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன். அரளி மாலை, எதிரே ஓடி வந்தவர் தலை நரைத்த தையற்காரர், கழுத்தில் அளவு நாடா பறந்தது. வாங்கிவிட்டேன். சின்னையா என்னை ஒரு பார்வை பார்த்து, "பரவால்லையே, திருச்சித் தண்ணி ஒனக்குக் கையக் குடுத்திருக்கு" என்றான்.

பதினொன்றரைக்குப் புதுக்கோட்டை. அங்கே ஓட்டமாலை மட்டும் இல்லை, ஓட்டக் காப்பியும் வந்தது. ஹோட்டல்காரர் டவராவோடு ஓடி வந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை கூடவே ஓடி, டவராவை வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பஸ் நிலையத்தில் டிரைவர்கள் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள். மாடுகள் மிரண்டன. ஒரு வண்டிக்காரர் தம் மாட்டைத் திட்டிக்கொண்டே எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

அங்கிருந்து அறந்தாங்கி இருபத்தொரு மைல். வழியில் சமஸ்தானத்து எல்லைக் கல் வந்தபோது சின்னையா வேகத்தைக் குறைத்தான். இந்தக் கார் பிறந்ததிலிருந்து தாண்டாத கல் அது. "தாண்டுறோம் ராவுத்தரே" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னான். பையில் இருந்த அம்மன் காசுகள் அந்த நொடியில் செல்லாமல் போயின. கார் மட்டும் செல்லுபடியாகிவிட்டது.

ஒன்று நாற்பதுக்கு அறந்தாங்கி, இரண்டரைக்கு ஆவுடையார்கோயில். மடியில் மாலைகள் கழுத்து வரை ஏறிவிட்டன. இந்தப் பாதையில் ராவுத்தர் வருஷக்கணக்காக பஸ் ஓட்டியிருந்ததால் ஊர்கள் எல்லாம் தயாராக இருந்தன. முந்தின நாளே இந்த வழி பஸ் டிரைவரிடம் சின்னையா சொல்லிவிட்டிருந்தான். அவர் ஊர் ஊராகச் செய்தி சொல்லிக்கொண்டே போயிருந்தார். மீமிசலுக்கு இன்னும் பதினாலு மைல்தான். நாலு மணிக்கெல்லாம் கடலைப் பார்த்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதுதானே என் பிழைப்பு.

ஆவுடையார்கோயிலைத் தாண்டி ஐந்தாவது மைலில் ஒரு சிற்றூர். பெயரை எழுதினால் அவர்கள் வருத்தப்படுவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். சாலையின் குறுக்கே நான்கு மாட்டு வண்டிகள் நுகத்தடியோடு நுகத்தடி முட்ட நின்றன. அவற்றுக்கு முன்னால் பந்தல், வாழைமரம், நாயனம், தவில். அதற்கும் முன்னால் வெள்ளை வேட்டியில் ஊர் அம்பலகாரர். அந்தச் சீமையில் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்.

"வழி விடுங்க, நிக்காது, நிக்காது" என்று நானும் அடைக்கலமும் தொண்டை கிழியக் கத்தினோம். தவில் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சின்னையா வலது பக்கம் பார்த்தான், கண்மாய். இடது பக்கம் பார்த்தான், நடவு வயல். பந்தலுக்கு ஒரு முழம் முன்னால் காரை நிறுத்தினான். எஞ்சின் சிறிது நேரம் தடதடத்து, பெருமூச்சு விட்டு அடங்கியது.

அம்பலகாரர் மாலையோடு வந்தார். சின்னையா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. "என்னங்க, எதும் கொறையா?" என்றார்.

"ஏங்க மறிச்சீங்க? நின்னா கெளம்பாதுங்க இது."

"நீங்கதானே சொல்லி விட்டீக? நேத்து பஸ்ஸுக்காரரு கத்திக்கிட்டே போனாரே, ராவுத்தர் வண்டி நாளைக்கு வருது, மாலை குடுங்க, நிறுத்தன்னு. நிறுத்தச் சொன்னாகன்னு நாங்க நாலு வண்டியக் கட்டி நிறுத்துனோம்."

"நிறுத்த வேண்டாம்னு சொன்னாருங்க."

அம்பலகாரர் யோசித்தார். இந்த ஊர் ராவுத்தர் ஸ்டாப்பு. பஸ் நிற்கவில்லை, நடந்துகொண்டே செய்தி சொல்லிவிட்டு ஊரைக் கடந்துவிட்டது. "அப்ப அந்த வேண்டாம் எங்க ஊருக்குள்ள விழுகல. அடுத்த ஊருல போயித்தான் விழுந்திருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டார். ராவுத்தர் நிற்காமல் போனதைப் பார்த்துத்தான் இந்தப் பஸ்கள் நிற்காமல் போகக் கற்றன. அதனால்தான் இந்த ஊரில் பாதிச் செய்தி விழுந்தது. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது?

மணி மூன்று பத்து. அடைக்கலம் அடுப்பைத் திறந்து பார்த்தார். கரி நெருப்பு கறுத்துக்கொண்டிருந்தது. காற்றாடிப் பிடியைச் சுற்றினார், நான் சுற்றினேன், சின்னையா சுற்றினான், அம்பலகாரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றினார். வேகமாகச் சுற்றிய ஒரு வாலிபரின் கையோடு பிடி ஒடிந்து வந்தது. நான்கு மணி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள்தான், ஒரே ஒரு நாள்; அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்; ஒரு மாலையைக் கீழே போட்டவன் இப்போது ஒரு வாக்கையே கீழே போடப் போகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. சின்னையா யாரையும் திட்டவில்லை. காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு மேற்கே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது கூட்டத்திலிருந்து, கையெல்லாம் கரியாக இருந்த ஒருவர், "காத்துத்தானுங்களே வேணும்?" என்றார். அந்த ஊர்க் கொல்லர். பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். திரும்பி வந்தபோது உலைக்களத்துத் துருத்தியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பின்னால் இரண்டு பேர் தலையில் கரிக்கூடை.

துருத்தியின் மூக்கை அடுப்பின் காற்றுத் துளையில் செருகி, சுற்றிலும் ஈரக் களிமண்ணை அப்பினார் அடைக்கலம். கொல்லர் துருத்தியை மிதிக்க ஆரம்பித்தார். முதலில் சாம்பல் பறந்தது. பிறகு அடுப்புக்குள் ஒரு சிவப்பு. கொல்லர் மிதித்துக்கொண்டே, "கலப்பைக்கு அடிக்கிற கரி இது. இதுக்கு அசையாத இரும்பு எங்கிட்டும் கெடையாது" என்றார். அடைக்கலம் குழாயில் தீக்குச்சியைக் காட்டினார். வாயு நீலமாகப் பற்றியது. அன்று முழுவதும் முதல்முறையாக அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

"தள்ளுங்க" என்றான் சின்னையா. ஊரே தள்ளியது. வண்டிகள் விலகின, பந்தலைத் தூக்கி ஓரம் வைத்தார்கள். இருபது கெஜம், நாற்பது கெஜம், எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. நாயனக்காரர் ஓடிக்கொண்டே ஊதினார். ஓடிக்கொண்டு நாயனம் ஊதுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. அம்பலகாரர் பக்கத்தில் ஓடி வந்து, முறைப்படி, நிற்காத காரில் மாலையைக் கொடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீக" என்றார். "இதவிட நல்ல மாலை இன்னைக்கு யாரும் குடுக்கலங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். மணி ஐந்து.

அடுத்த ஊர் இரண்டு மைல். அங்கே சாலையின் இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், ஒருவர் கையிலும் ஒரு பூ இல்லை. காரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார்கள். பக்கத்தில் ஓடி வந்த ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். "பஸ்ஸுக்காரரு வேண்டாம், வேண்டாம்னு சத்தம் போட்டுட்டுப் போனாருங்க. என்னத்த வேண்டாங்கிறாருன்னு தெரியல. மாலையாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார். சின்னையா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். நான் மடியிலிருந்த மாலைகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து வெளியே நீட்டினேன். அவர்கள் வாங்கி, ஓடி, எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கும் குறை இல்லை.

ஐந்து ஐம்பதுக்கு மீமிசல். சாலை நடுவில் ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். சின்னையா நடைவேகத்துக்குக் குறைத்து, "நின்னா கெளம்பாதுங்க ஐயா" என்று கெஞ்சினான். கான்ஸ்டபிள் காரையும், மாலைகளையும், மேற்கு வானத்தையும் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்து ஏறி எங்களோடு வந்தார். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். நான் வண்டிக் காகிதத்தைக் கொடுத்தேன், மிதித்துக்கொண்டே படித்தார், மிதித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"ராவுத்தர் பஸ்ஸுலதான் நான் பள்ளிக்கொடம் போனேன். பொழுது விழுக இன்னும் இருவது நிமிசம் இருக்கு. விழுந்ததுக்கப்பறம் நான் பாத்தா பிடிக்கணும். அதுக்குள்ள போயிருங்க" என்றார்.

நாலரை மைல், இருபது நிமிஷம். சாலை மணலாகிக்கொண்டு வந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இடது பக்கம் சூரியன் பனைகளுக்குள் இறங்க, வலது பக்கம் கடல் கறுத்துக்கொண்டிருந்தது. கோட்டைப்பட்டினம் பள்ளிவாசல் தெரிந்தபோது, ராவுத்தர் வீட்டுத் தெரு முழுவதும் மணல் என்பதும் தெரிந்தது. கார் இறங்கினால் அச்சு வரை புதையும். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் யோசித்திருந்தார்கள். தெருவின் முனையிலிருந்து வீடு வரைக்கும் படகுப் பலகைகளையும் பழைய பாய்களையும் இரண்டு வரிசையாக விரித்திருந்தார்கள், சக்கரத்துக்கு ஒரு வரிசை. இருபுறமும் மீன்பிடிக்கிற ஆட்கள் முழங்கால் வரை ஈரத்தோடு நின்றார்கள். வலையை இழுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார்கள்.

சின்னையா பலகைமேல் ஏற்றினான். பலகைகள் மடமடவென்றன. பச்சை வாசற்கதவு, அதன் நிலையில் வெள்ளைப் புடவையின் முக்காடு. கதீஜா பீவி.

சின்னையா நடைவேகத்துக்கும் கீழே குறைத்தான். பழக்கம் காலில் இருந்தது; கால் பிரேக்குக்குப் போகவில்லை. வாசலுக்கு நேரே வரும்போது கேட்டான். "அக்கா, நிறுத்தவா?"

"அதுக்குத்தானே தம்பி வந்தீக. நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினான். எஞ்சினையும் அணைத்தான். சமஸ்தானம் முழுவதும் யாருக்காகவும் நிற்காத கார், சொன்ன வாசலில், சொன்ன மாதிரி நின்றது. கடல் சத்தம் கேட்டது. சூரியனின் கடைசி விளிம்பு பனைகளுக்கு நடுவே இன்னும் ஒரு விரல் அளவு தெரிந்தது. கூட்டம் அப்படியே ஒரு கூச்சல் போட்டது பாருங்கள், பள்ளிவாசல் புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. சின்னையா வாய்விட்டு அழுதான். நானும்தான்.

கதீஜா பீவி படி இறங்கி வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஸ்டியரிங்கின் தேய்ந்த இடத்தில் கையை வைத்தார். "இம்புட்டுத்தானா வண்டி? அவுக பேச்சுல இதவிடப் பெருசா இருந்துச்சு" என்றார். முக்காட்டுக்குள் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் கொடுத்திருக்கலாம் என்று முதலாளி சொன்னதைச் சொன்னேன். "மன்னிச்சாச்சுன்னு சொல்லுங்க. அதான் வந்து நின்னுருச்சே" என்றார். மாலைகளையெல்லாம் நாங்கள் வாசலில் இறக்கினோம். எண்ண ஆரம்பித்த அடைக்கலம் பாதியில் விட்டுவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார்.

அன்று இரவு மீன் சாப்பாடு அந்த வீட்டில். மறுநாள் விடிந்ததும், அடைக்கலம் புதுக் கரி போட்டுப் பனை விசிறியால் அடுப்பை மூட்டிவிட, வலை இழுக்கும் ஆட்கள் கூடித் தள்ளிக் காரைக் கிளப்பினார்கள். இந்த ஓட்டம் முடிந்தால் பிரித்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் முகத்திலும் சாவு வீட்டுக் களை இல்லை. திருச்சியில் என் வீட்டு வாசல் வழியாக ஒரு நாளைக்கு எத்தனையோ பஸ் போகிறது, ஒவ்வொன்றும் நின்று நின்றுதான் போகிறது. ஓட்டுகிற ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இங்கே நிற்காமல் போன ஒருவரைத் தெரியாத ஆள் இல்லை.

கார் நகர்ந்து தெருமுனையை நெருங்கும்போது பின்னால் ஒரு குரல். "தம்பி, நிறுத்தாதீக."

கதீஜா பீவி பலகைகளின்மேல் ஓடி வந்துகொண்டிருந்தார். முக்காடு தோளில் விழுந்திருந்தது. கையில் ஒரு மல்லிகைச் சரம். "ஊரே குடுத்துச்சுன்னு வருஷமெல்லாம் சொல்லுவாக. நானும் ஒரு தடவ குடுத்துப் பாக்குறேன்" என்றார். சின்னையா வேகத்தைக் குறைத்தான். அவர் மூச்சு வாங்க ஓடி, சரத்தை நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

இந்தத் தடவை கீழே விழவில்லை.